மீன் தொட்டிச் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு: தொடக்கம் முதல் முழுமையான வழிகாட்டி

தொட்டியில் செடி வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் விளக்கை மாற்றுகிறார்கள். அப்புறம் உரம் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் செடி அசையாமல், இலை உருகி, கண்ணாடியெல்லாம் பாசி ஏறிய பிறகுதான் கார்பன் பக்கம் கவனம் திரும்புகிறது. இந்த வரிசை மாற வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு எது மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ அதை முதலில் பார்த்துவிட்டு, விளக்கையும் உரத்தையும் அதற்கேற்ப வைத்தால் தொட்டி நிலைத்து நிற்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

செடியின் உடல் எங்கிருந்து வருகிறது

பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். 1648இல் அச்சான அந்தக் கணக்கில் காற்றுக்கு இடமே இல்லை. 1779இல் யான் இங்கன்ஹவுஸ் வெளிச்சத்தின் பங்கைக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெனீவாவைச் சேர்ந்த ழான் செனபியே, செடி ஆக்சிஜன் விட வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடு அதற்குக் கிடைத்தாக வேண்டும் என்று நிறுவினார். 1804இல் நிக்கோலா தியோடர் டி சோசூர் எடை போட்டுக் கணக்கை நேர் செய்தார்: செடியின் எடை கூடுவது காற்றிலிருந்து வரும் கார்பனாலும் தண்ணீராலும்.

நன்றாகக் காயவைத்த செடியின் எடையில் சுமார் 45 சதவீதம் கார்பன்தான். நாம் கொடுக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, இரும்பு எல்லாம் சேர்ந்தும் அதற்குப் பக்கத்தில் வராது. அதனால்தான் கார்பனை உரப் பட்டியலின் கடைசியில் வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. அது பட்டியலின் முதல் வரி.

தண்ணீருக்குள் என்ன சிக்கல்

இன்று காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 420 பங்கு) மேல் இருக்கிறது. அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்த தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் கரைந்திருக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் மண்ணும் கல்லும் போக 50 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தமே 30 மில்லிகிராம் வாயு. அதை முழுவதும் உறிஞ்சினால் செடிகள் செய்யக்கூடிய சர்க்கரை 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அதையே, வாயு விடும் தொட்டிகளில் பொதுவாக இலக்காக வைக்கும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தினால் தொட்டியில் எந்நேரமும் ஒன்றரை கிராம் வாயு இருக்கும்.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை, வேகமும் பிரச்சினை. கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. இலை தன் பக்கத்திலிருந்த வாயுவை எடுத்துக்கொண்டதும் அந்தப் படலத்தைத் தாண்டி அடுத்தது வந்து சேர நேரமாகும். அதனால் வாயு விடுவதும் தண்ணீர் ஓட்டமும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஓட்டம் இல்லாத மூலையில் உள்ள செடி, நல்ல வாயு உள்ள தொட்டியிலும் பட்டினி கிடக்கும்.

மூன்றாவதாக, வெளிச்சம் கூடும்போது வரும் இடைஞ்சல். கார்பனைப் பிடித்துச் சர்க்கரை வேலையைத் தொடங்கி வைக்கும் நொதி ருபிஸ்கோ. அதற்கு ஒரு பலவீனம் உண்டு: கார்பன் டை ஆக்சைடு குறைந்து ஆக்சிஜன் கூடினால் அது ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யவே செடி ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பங்கையும் இழக்க வேண்டும். விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரத்தில் வாயு தராத தொட்டியில் நடப்பது இதுதான். கார்பன் தீர்ந்துபோகிறது, செடிகள் விட்ட ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது, விளக்கு மட்டும் முழு வேகத்தில் எரிகிறது. மிச்ச நேரம் முழுக்க அந்த வெளிச்சம் பாசிக்குப் பயன்படுகிறது.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி தவிப்பதில்லை. பள்ளியில் முகவைக்குள் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக் குழாயை வைத்து ஹைட்ரில்லா குமிழ் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டதும் குமிழ் அதிகமாகும். ஹைட்ரில்லாவால் பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுக்க முடியும். வாயு மிகக் குறைந்தால், கரும்பும் சோளமும் கையாளும் வழிக்கு நெருக்கமான வேறொரு வழிக்கும் அது மாறிக்கொள்ளும். வாலிஸ்னேரியாவும் பைகார்பனேட்டை எடுக்கும். ஆனால் மாஸ் வகைச் செடிகள் பலவும், நுண்ணிய இலையுள்ள சிவப்புத் தண்டுச் செடிகளும் கரைந்த வாயுவையே நம்பியிருப்பவை.

படி 1: உங்கள் தொட்டிக்கு வாயு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

கிரிப்டோகொரைன், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா ஆகியவற்றோடு மிதமான வெளிச்சம் வைத்துத் திருப்தியாக இருப்பவருக்கு சிலிண்டர் தேவையே இல்லை. அடியில் மண் போட்டு மேலே மணல் மூடிய தொட்டியில், மண்ணில் உள்ள மக்கு சிதையும்போதே கொஞ்சம் வாயு வரும். மீனின் மூச்சும் கொஞ்சம் தரும். இதில் எந்தக் குறைவும் இல்லை, அழகான தொட்டிகள் பல இப்படித்தான் ஓடுகின்றன.

தரையைப் புல்வெளிபோல மூட வேண்டும், சிவப்புச் செடி சிவப்பாகவே இருக்க வேண்டும், தண்டுச் செடியை அடர்ந்த புதராக வெட்டி வளர்க்க வேண்டும் என்றால் வாயு வேண்டும். ஜப்பானின் நீகாட்டாவில் தகாஷி அமானோ உருவாக்கிய பாணித் தொட்டிகளைப் படத்தில் பார்த்து ஆசைப்படுபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பசுமைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் இருக்கிறது.

கடையில் வாங்கும் செடி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பண்ணைகளில் பல செடிகளை வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அந்த இலை காற்றுக்கு ஏற்றது. தண்ணீருக்குள் போட்டதும் அது கருகி உருகும். அப்புறம் மேல்தோல் மெலிந்த, நீருக்கு ஏற்ற புது இலை வர வேண்டும். சென்னை கொளத்தூர் மீன் தொட்டிச் சந்தையிலிருந்து பசுமையாகக் கொண்டுவந்த கிரிப்டோகொரைன் ஒரே வாரத்தில் கூழாகிவிட்டதே என்று தூக்கி எறியாதீர்கள். வேர் உயிரோடு இருந்தால் சில வாரத்தில் புது இலை விடும், போதிய கார்பன் இருந்தால் சீக்கிரமாகவே விடும். இலங்கையின் நிழலான ஓடைகளில் வளரும் கிரிப்டோகொரைன் வகைகள் இந்த இலை மாற்றத்துக்குப் பழகியவை. மண்ணுக்கடியிலிருந்து கசிந்து வரும் நீர் சேரும் ஓடைகளில் காற்றைவிடக் கூடுதலாக வாயு கரைந்திருப்பது இயல்பு.

படி 2: தண்ணீரை அளந்து வையுங்கள்

வாங்க வேண்டியவை இரண்டு சோதனைக் கருவிகள்: பிஎச் பார்க்க ஒன்று, கேஎச் பார்க்க ஒன்று. பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; கேஎச் என்பது தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு. ஒரு டிகிரி கேஎச் என்றால் லிட்டருக்குச் சுமார் 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆழ்குழாய்த் தண்ணீரில் இது அதிகமாக இருக்கும், ஆர்ஓ தண்ணீரில் ஏறக்குறைய இருக்காது.

போர் தண்ணீரைப் பிடித்த கையோடு பிஎச் பார்க்காதீர்கள். நிலத்தடி நீரில் மண்ணிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரைந்திருக்கும், அதனால் பிஎச் குறைவாகக் காட்டும். ஒரு டம்ளரில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு, நடுவில் இரண்டு மூன்று முறை கலக்கிவிட்டு அளந்தால்தான் உண்மையான தொடக்க எண் கிடைக்கும்.

கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் ஒரு பகுதி கார்பானிக் அமிலமாகி பிஎச் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைக் கேஎச் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வாயு இருக்கும்போது, கேஎச் 2 உள்ள தண்ணீரில் பிஎச் 6.3 இருக்கும். கேஎச் 4 என்றால் 6.6. கேஎச் 8 என்றால் 6.9. கேஎச் 16 என்றால் 7.2. கேஎச் இரட்டிப்பாகும்போதெல்லாம் பிஎச் 0.3 கூடுகிறது, அவ்வளவுதான் சூத்திரம். ஆகவே "பிஎச் 6.5க்குக் கொண்டுவர வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை போர் தண்ணீர்த் தொட்டியில் மீனைக் கொன்றுவிடும். கேஎச் 16இல் பிஎச் 6.5 என்றால் வாயு லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தொட்டிருக்கும்.

ஆர்ஓ தண்ணீரை மட்டும் நிரப்புவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் இல்லை, பிஎச்சைத் தாங்கிப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. போர் தண்ணீரோடு கலந்து கேஎச் 3 முதல் 6 வரை வைத்துக்கொள்வது நம் ஊர்த் தொட்டிகளுக்கு வசதி.

படி 3: வாயுவை எங்கிருந்து எடுப்பது

ஈஸ்ட் பாட்டில். இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் ஈஸ்ட். சர்க்கரை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். மூடியில் குழாய் பொருத்தி, நடுவில் பாதி தண்ணீர் நிரப்பிய இன்னொரு சிறு பாட்டிலை வைத்துவிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் நுரை பொங்கித் தொட்டிக்குள் போகும். செலவு மிகக் குறைவு. ஆனால் இதை நிறுத்த முடியாது, இரவிலும் வாயு வரும். நம் ஊர் வெயிலில் முதல் வாரம் பொங்கி, அடுத்த வாரம் தளர்ந்துவிடும். 20, 30 லிட்டர் தொட்டியில் செடி எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு இது போதும்.

சிட்ரிக் அமிலமும் ஆப்ப சோடாவும். ஒரு பாட்டிலில் 150 கிராம் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும், மற்றொன்றில் 200 கிராம் ஆப்ப சோடாவோடு கொஞ்சம் தண்ணீர். வால்வுள்ள மூடித் தொகுப்பு கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவுக்குள் இறங்க வாயு உண்டாகும். 3க்கு 4 என்ற இந்த விகிதம் வேதியியல் கணக்குப்படி சரியாக வருவது, முழுவதும் வினைபுரிந்தால் 100 கிராம் வாயு கிடைக்கும். பேக்கிங் பவுடரைப் போடாதீர்கள், அதில் ஏற்கெனவே அமிலம் கலந்திருக்கிறது. இந்த முறையில் அழுத்தம் ஏறும் என்பதால் அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் உள்ள மூடி கட்டாயம். குளிர்பானம் வந்த பெட் பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும், சாதாரணத் தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. கண்ணாடிப் பாட்டில் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

சிலிண்டர். 50 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு, நீண்ட காலத்துக்கு, இதுதான் சரி. முதலில் பணம் அதிகமாகும். அப்புறம் பல மாதங்களுக்கு ஒருமுறை நிரப்பும் செலவு மட்டும். நிரப்ப, வெல்டிங் வாயு விற்கும் கடை, தீயணைப்புக் கருவி நிரப்பும் கடை, சோடா தயாரிப்பவர்களுக்கு வாயு தரும் கடை என்று விசாரித்தால் பெரும்பாலான ஊர்களில் வழி கிடைக்கும்.

"திரவ கார்பன்" என்று பாட்டிலில் விற்பதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படைப் பொருள் குளூட்டரால்டிஹைடு. மருத்துவமனைக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் பொருள் அது. பாசியை ஒடுக்கும், உண்மைதான். வாலிஸ்னேரியாவையும் சேர்த்து ஒடுக்கும். கையிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்கு மாற்றாக இதை நினைக்காதீர்கள்.

படி 4: சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவரும் முன்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். சிலிண்டருக்குள் இருப்பது திரவமும் அதன் மேல் வாயுவும். 25 டிகிரியில் உள் அழுத்தம் ஏறக்குறைய 64 பார். 31 டிகிரியைத் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு திரவம், வாயு என்ற வேறுபாடே இல்லாத நிலைக்குப் போகிறது, அதற்கு மேல் வெப்பம் கூடக்கூட அழுத்தம் வேகமாக ஏறும். சித்திரை வைகாசியில் நம் வீடுகளில் 31 டிகிரி சாதாரணம். அதனால் சிலிண்டரில் குறித்த எடைக்கு மேல் நிரப்ப ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். "கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன்" என்று கடைக்காரர் அன்போடு சொன்னாலும் வேண்டாம். பால்கனி வெயிலிலும், நிறுத்தி வைத்த காருக்குள்ளும் வைக்கக் கூடாது.

அழுத்தச் சோதனை செய்த தேதி சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும். பழைய சிலிண்டர் வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள், காலாவதியானதை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம். தீயணைப்புக் கருவியாக இருந்ததைத் தொட்டிக்கு மாற்றுவதும் கூடாது. அதற்குள் அடிவரை போகும் ஒரு குழாய் இருக்கும், நிமிர்த்தி வைத்தாலும் திரவத்தைத்தான் வெளியே தள்ளும். அது, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரைக் கெடுத்துவிடும். நல்ல சிலிண்டரையும் எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், சாயாதபடி சுவரோடோ தொட்டி மேசையோடோ பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.

இன்னொரு கணக்கு. 2 கிலோ வாயு வெளியே வந்தால் ஏறக்குறைய 1,100 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் அதன் கொள்ளளவு 28,000 லிட்டர். மொத்தமும் ஒரே நேரத்தில் கசிந்தால் அறைக் காற்றில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அது உயிருக்கு ஆபத்தான அளவு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையோரம்தான் முதலில் சேரும், பாயில் படுத்திருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். கதவடைத்து ஏசி போட்டுத் தூங்கும் அறையில் சிலிண்டர் வேண்டாம். கூடத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

படி 5: பொருத்துவது

வரிசை இது: சிலிண்டர், ரெகுலேட்டர், சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது), நீடில் வால்வு (வாயு அளவை நுணுக்கமாகத் திருத்துவது), பபிள் கவுண்டர் (குமிழை எண்ணிப் பார்க்க), செக் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது), டிஃப்யூசர் (வாயுவை நுண்குமிழாக்கும் பீங்கான் வட்டு). வாங்கும்போதே சிலிண்டர் வால்வின் மரையும் ரெகுலேட்டரின் மரையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று கடையிலேயே முடுக்கிப் பாருங்கள், ஊர் ஊருக்கு வகை மாறுகிறது. நீடில் வால்வில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான வால்வு காலையில் வைத்த அளவை மாலையில் வைத்திருக்காது, அந்த ஏற்ற இறக்கத்தால்தான் பாதித் தொல்லைகள் வருகின்றன.

காற்று மோட்டாருக்குப் போடும் சிலிக்கான் குழாய் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு கசியும். பாலியூரித்தேன் குழாய் வாங்குங்கள். செக் வால்வு இல்லாவிட்டால், வாயு நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

டிஃப்யூசரை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். ஃபில்டரின் தண்ணீர் வெளிவரும் ஓட்டம் அந்த நுண்குமிழ்களைப் பிடித்துத் தொட்டியின் அடிவரை, மறுமுனைவரை கொண்டுபோக வேண்டும். குமிழ் நேராக மேலே போய் உடைந்தால் வாங்கிய வாயு அறைக்குத்தான். தண்ணீரின் மேற்பரப்பு மெல்ல அசைந்தால் போதும். நுரைத்துச் சலசலத்தால், குலுக்கிய சோடாவிலிருந்து வெளியேறுவதுபோல வாயு வெளியேறிவிடும். அதற்காக மேற்பரப்பை அடியோடு அசையாமலும் விடக் கூடாது, மீனுக்கு ஆக்சிஜன் அந்த வழியாகத்தான் வருகிறது. பீங்கான் வட்டில் பாசி அடைத்தால் குமிழ் பெரிதாகும், அப்போது வெளியே எடுத்து நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து நன்றாகக் கழுவிப் போடுங்கள்.

படி 6: அளவை ஏற்றுவது

தொட்டிக்குள் வைத்து வாயு அளவைப் பார்க்க டிராப் செக்கர் என்ற சிறு கண்ணாடிக் குடுவையை வாங்குங்கள். அதற்குள் கேஎச் 4 என்று சரியாகத் தயாரித்த திரவத்தோடு புரோமோதைமால் நீலம் சில துளி. தொட்டித் தண்ணீரை ஊற்றினால் கணக்கு தப்பும். தொட்டியிலிருந்து வாயு மட்டும் நடுவிலுள்ள காற்றுக்குமிழைக் கடந்து உள்ளே போகும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் 30 மில்லிகிராம் அளவில், மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், எனவே அது காட்டுவது சற்று முந்தைய நிலையை.

சோலனாய்டு வால்வு டைமரில் இருக்கட்டும். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வாயு தொடங்க வேண்டும், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்க வேண்டும். இரவில் செடியும் மூச்சுதான் விடுகிறது, அப்போது வாயு விடுவதால் மீனுக்குத் தொல்லை மட்டுமே.

முதல் நாள் இரண்டு நொடிக்கு ஒரு குமிழ். நீங்கள் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் தொடங்குங்கள். டிராப் செக்கர் நீலமாகவே இருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். நண்பர் தொட்டியில் நொடிக்கு இரண்டு குமிழ் என்பது உங்கள் தொட்டிக்கு எதையும் சொல்லாது, குமிழின் அளவு கருவிக்குக் கருவி வேறு. பச்சை வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு நீடில் வால்வைத் தொடாமல் இருப்பதுதான் வேலை. தினமும் ஒரே அளவு, ஒரே நேரம் என்றிருக்கும் 20 மில்லிகிராம், ஒரு நாள் 40 மறுநாள் 10 என்று ஆடுவதைவிட எவ்வளவோ மேல்.

எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல் மீன். கூட்டமாக மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடினால், செவுள் வேகமாக அடித்தால், டிராப் செக்கர் என்ன நிறம் காட்டினாலும் சரி, உடனே வாயுவை நிறுத்துங்கள். காற்று மோட்டாரை ஓடவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகமானால் மீனின் இரத்தத்திலிருந்து அது வெளியேற முடியாது, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனும் குறையும். ஃபைட்டரும் கௌராமியும் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும் மீன்கள், அவை மட்டும் உள்ள தொட்டியில் இந்த அடையாளம் குழப்பும். அங்கே 30ஐ எட்ட முயலாமல் 15, 20இல் நின்றுவிடுங்கள்.

படி 7: விளக்கையும் உரத்தையும் இப்போது பொருத்துங்கள்

விளக்கை நாளைக்கு 6 மணி நேரத்தில் தொடங்குங்கள். பாசி இல்லாமல் செடி துளிர்விட்டால் 7, அப்புறம் 8. அதற்கு மேல் போவதில் பலன் இல்லை. வெளிச்சம் கூடினால் கார்பன் தேவையும் கூடும். வாயுவை இனி கூட்ட முடியாது என்ற இடத்தில், மீன் போட்ட எல்லையில், விளக்கும் நின்றுவிட வேண்டும்.

வாயு வந்ததும் செடி வேகமெடுக்கும். அப்போதுதான் இதுவரை தெரியாத சத்துக் குறைவுகள் வெளியே வரும். புது இலை வெளுத்தால் இரும்பு, பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம், அடி இலை மொத்தமாக மஞ்சளானால் நைட்ரேட் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். வாயுதான் செடியைக் கெடுத்தது என்று அப்போது நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, உண்மையில் தேவைப்படுவது உரம்.

எல்லாம் பொருந்தினால் விளக்கு எரிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இலை நுனிகளில் முத்து முத்தாகக் குமிழ் நிற்கும். தண்ணீரில் இனிக் கரைய இடமில்லாத ஆக்சிஜன் அது. தண்ணீர் மாற்றிய உடனே கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டும் குமிழ் வேறு, குழாய்த் தண்ணீரில் அழுத்தத்தால் கரைந்திருந்த காற்று அது.

படி 8: கோடை

20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய கார்பன் டை ஆக்சைடில், 30 டிகிரியில் கால் பங்கு குறைந்துவிடும். ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் 7.5. அதே நேரத்தில் மீனின் மூச்சுத் தேவை ஏறுகிறது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் 24 டிகிரித் தொட்டிக்குச் சொன்ன 30 மில்லிகிராமை மே மாதச் சென்னையிலோ மதுரையிலோ அப்படியே பின்பற்ற வேண்டாம். 20 போதும். விளக்கு நேரத்தையும் 6 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், இரவில் காற்று மோட்டாரை ஓடவிடுங்கள். தொட்டி மூடியைத் திறந்து மேற்பரப்பில் சிறு விசிறி வைத்தால் ஆவியாதலால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மழை ஈரம் உள்ள நாட்களில் இறக்கம் குறைவாக இருக்கும்.

சில அடையாளங்கள்

இலையில் சுண்ணாம்புபோல வெள்ளைப் படிவு தெரிந்தால், செடி வாயு கிடைக்காமல் பைகார்பனேட்டை எடுத்திருக்கிறது, அதில் மிஞ்சிய கால்சியம் கார்பனேட் இலைமேல் படிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். போர் தண்ணீர்த் தொட்டிகளில் இது அடிக்கடி வரும். இலை ஓரங்களில் கருப்புத் தாடிபோல் பாசி வந்தால் நான் முதலில் பார்ப்பது வாயு அளவு நாளுக்கு நாள் ஆடுகிறதா என்பதைத்தான், பிறகு ஓட்டம். தண்டின் கணுக்களுக்கு இடையே இடைவெளி நீண்டு செடி கம்பிபோல் உயர்ந்தால் வெளிச்சம் குறைவு. அதற்கு வாயுவைக் கூட்டிப் பயனில்லை.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதை அழுத்தமானி சொல்லாது. திரவம் இருக்கும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், தீரும் தறுவாயில் சட்டென விழும். சில ரெகுலேட்டர்கள் அந்தக் கடைசி நேரத்தில் வாயுவை மொத்தமாகத் தொட்டிக்குள் கொட்டிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடை போட்டு, காலி எடைக்குப் பக்கத்தில் வந்ததும் முள் விழக் காத்திராமல் நிரப்பிவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, நான்கைந்து நாள்தான் என்றால் எல்லாம் டைமரிலேயே ஓடட்டும், விளக்கை மட்டும் ஒரு மணி நேரம் குறைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் சிலிண்டரின் பிரதான வால்வையே மூடிவிட்டு, விளக்கை 4 மணி நேரமாக்கி, காற்று மோட்டாரைப் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்த பின் பழைய குமிழ் எண்ணிக்கைக்கு ஒரே நாளில் தாவாமல், நான்கு நாளில் ஏற்றுங்கள்.